முகராத ரோஜா

இருபத்தைந்து வயதுவரை எனக்கு ரோஜாப்பூவின் வாசனை என்னவென்று தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், அதுவும் பூக்கட்டுகிற வீட்டில். பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் கூடத்தில் ரோஜாவும் சம்பங்கியும் மருக்கொழுந்தும் வந்து குவியும். அந்தக் குவியலைச் சுற்றித் தவழ்ந்து வளர்ந்தவனுக்கு ரோஜா வாசனை தெரியாது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். பெருமாளுக்குச் சாத்தப்போகிற பூவை மனுஷன் முகரக் கூடாது. முதல் வாசனை அவருக்கு. அப்பா மாலை கட்ட உட்காரும்போது வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொள்வார். பக்கத்தில் போகிற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சின்ன வயதில் ஒருநாள் ஆசை தாங்காமல் ஒரு ரோஜாவை மூக்கருகே கொண்டுபோனேன். முகரக்கூட இல்லை. அதற்குள் அப்பாவின் கை என் காதில் இருந்தது. பூ கை நழுவிக் கூடைக்குள் விழுந்துவிட்டது. எந்தப் பூ என்று தெரியாததால் அந்தக் கூடை முழுவதும் மாட்டுக்குப் போயிற்று. அன்றைக்கு எங்கள் ஊரிலேயே ஆனந்தமாகச் சாப்பிட்ட ஜீவன் அந்த மாடுதான்.

அதிலிருந்து பூவைக் கண்டால் என் மூச்சு தானாக நின்றுவிடும். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதும் நின்றுவிட்டது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மாலையைப் போட்ட கையோடு நான் ஒரு பெருமூச்சு விட்டேனாம். "மாப்பிள்ளைக்கு இழுப்பு ஏதாவது உண்டாம்மா?" என்று மணப்பெண் தன் தாயாரிடம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

எங்களுக்குக் கிடைப்பது, பெருமாளுக்குச் சாத்திக் களைந்த மாலை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆசை தீர முகரலாம். ஆகவே எனக்கு ரோஜா என்றால் அந்த மாலைதான்.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு நான் வேலைக்குச் சேர்ந்த இடம் அத்தர்க் கடை.

ரசாயனத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். வாங்கினேன் என்பதைவிட, ஐயோ பாவம் என்று கொடுத்தார்கள் என்பது பொருந்தும். திருச்சியில், மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவில் ஒரு பாய் பரம்பரையாக அத்தர் வியாபாரம் செய்துவந்தார். கலவை பார்க்க ஒரு படித்த ஆள் வேண்டும் என்று அவருக்கு ஆசை. படித்த ஆள் என்று நினைத்து என்னை வைத்துக்கொண்டார். வீட்டில் இதற்குப் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. "கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாரை வச்சு ரொட்டி அமுது பண்ற ஊர் இது, பாய் கடைங்கறதுல எனக்கு ஒண்ணுமில்லை. வெயில் காலம் வந்தா ஆத்துல உக்காந்துடறயே, அதுதான் சகிக்கலை" என்பார் அப்பா.

அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தர் சந்தனத் தைலத்தின் மேல் நிற்கிற சரக்கு. சாயங்காலத்துக்கும் மார்கழிக்கும் அமிர்தம். பங்குனி வெயிலில் பட்டப்பகலில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் போட்டவனுக்குத் தலைவலி, பக்கத்து ஸீட்காரனுக்கு மயக்கம். வெயில் ஏற ஏற வியாபாரம் படுத்துவிடும். பாய் அத்தர்ச் சீசாக்களைத் துணி போட்டு மூடிவிட்டு நன்னாரி சர்பத் விற்பார். நன்னாரி சர்பத்துக்கு ரசாயனப் பட்டதாரி எதற்கு? மழை வரும் மாசத்தில் வரச்சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரண்டு கோடை இப்படியே போயிற்று.

மூன்றாவது வருஷம் அப்பா பொறுக்கவில்லை. நாக்பூரில் கணக்கு ஆபீஸில் இருந்த சித்தப்பாவுக்கு எழுதினார். அங்கே எனக்கு ஒரு குமாஸ்தா நாற்காலி தயாராயிற்று. வைகாசியில் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

என் மனைவி திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மணப்பாறைப் பெண். படித்து, பயிற்சி முடித்து, தானாகத் தேடிக்கொண்ட வேலை. தினமும் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வருவாள். நாக்பூர் விஷயம் காதில் விழுந்த அன்று அவள் சாதம் பரிமாறிய கரண்டி தட்டில் இடித்த சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"அங்க போய் நான் யாருக்கு, எந்த பாஷையில கணக்குச் சொல்லிக் குடுப்பேன்?" என்றாள். "உங்களுக்கு நாற்காலி இருக்கு. எனக்கு?"

நான் மோர் கேட்டேன். மோரும் இல்லை.

மறுநாளே பாயிடம் போய் நின்றேன். வருஷம் பூரா வேலை வேண்டும் என்றேன்.

"நான் என்ன தம்பி செய்ய? வெயில்ல அத்தர் போடற ஆள நீங்க காட்டுங்க, நான் உங்கள வச்சுக்கறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆபீஸு போற ஆம்பளைங்க, பள்ளிக்கூடம் போற பொம்பளைங்க, எல்லாரும் இப்போ கைக்குட்டை வச்சிருக்காங்க. அதுல ரெண்டு சொட்டு விட்டா பகல் பூராவும் லேசா ரோஜா மணக்கணும். தலை வலிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க ஐயங்காரே. சித்திரை வெயில்ல ஓடுச்சுன்னா உங்களுக்கு இந்தக் கடையில லீவே கிடையாது."

"ஸ்பிரிட்டில் கலந்தால் லேசாக இருக்கும்" என்று என் பட்டத்தைக் காட்டினேன்.

"சாராயமா? மதுவிலக்கு நடக்குது தம்பி. கீழ போலீஸ்காரன் எழுதுவான், மேல அல்லாவோட மலக்கு, அதான் வானவரு, எழுதுவாரு. ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல முடியாது."

சரி, எண்ணெயிலேயே செய்கிறேன் என்றேன். செய்தே தீருவது என்று முடிவும் கட்டினேன். நான் முடிவு கட்டினால் லேசில் விடமாட்டேன். மூன்று தடவை எழுதிப் பட்டம் வாங்கியவன்.

வடக்கிலிருந்து வந்த நல்ல ரோஜா அத்தரை எடுத்துச் சந்தனத்தைக் குறைத்தேன். முகர்ந்தேன். சீசாவில் இருக்கிற ரோஜாவிடம் எனக்குப் பயமில்லை. மூச்சு நன்றாகவே ஓடியது. ஆனால் இது ரோஜா இல்லையே, ஏதோ குறைகிறதே என்று மூக்கு சொன்னது. துளசித் தைலம் ஒரு துளி விட்டேன். பரவாயில்லை. பச்சைக் கற்பூரம் கொஞ்சம் சேர்த்தேன். ஆஹா! இதுதான் ரோஜா!

ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து பஞ்சில் தொட்டுக் காட்டினேன். பக்கத்து வீடு, எதிர்வீடு, மடைப்பள்ளியில் வேலை செய்கிறவர், எல்லோரும் ஒரே குரலாக "அப்படியே ரோஜா!" என்றார்கள். அப்பா கண்ணை மூடினார். பஞ்சை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "திவ்யமா இருக்குடா" என்றார். என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. மார்பை நிமிர்த்திக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு நகராமல் நின்றார். "சாமி, பிரசாதம் எதுனா வச்சிருக்கீங்களா?" என்றார்.

கடையில் ஓர் அம்மாள் பஞ்சை வாங்கி முகர்ந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேட்னி ஷோவுக்குக் கிளம்பிய புஷ்ஷர்ட் வாலிபன் ஒருவன், "இதப் போட்டுக்கிட்டுக் கொட்டகையில உக்காந்தா, பின்னாடி ஸீட்டுக்காரன் அர்ச்சனைத் தட்டை நீட்டுவான் சார்" என்றான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. பாய்க்கு என்னை நோகடிக்க மனமில்லை.

"வாசனைக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா ஜனங்க செருப்பைக் கழட்டிட்டுக் கடைக்குள்ள வராங்க."

அன்று சாயங்காலம் என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கைக்குட்டையில் நான் விட்ட இரண்டு சொட்டோடுதான் காலையில் போயிருந்தாள். அதை என் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு குழந்தை என்கிட்ட வந்து உள்ளங்கையை நீட்டித் தீர்த்தம் கேட்டுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க செடியில இருக்கற ரோஜாவை மோந்து பார்த்திருக்கேளா?"

"பூக்கட்டற ஆத்துப் பிள்ளையைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

"பூக்கட்டற ஆத்துப் பிள்ளைங்கறதாலதான் கேக்கறேன். மோந்திருக்கேளா, இல்லையா?"

அந்த மாடு ஞாபகத்துக்கு வந்தது.

"நீங்க பண்ணினது ரோஜா இல்லை. பெருமாள் கழுத்துல ஒரு பொழுது இருந்து, துளசியோட சேர்ந்து கசங்கி, கற்பூரப் புகை பட்டு வாடின மாலை. இந்த ஊர்ல எல்லாருக்கும் அதுதான் ரோஜா. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவா பூவைச் செடியில மோந்து பார்த்தவா. எங்காத்துல கிணத்தடியிலயே செடி உண்டு. பல் தேய்க்கறச்சே மோந்துண்டே தேய்ப்பேன்."

அன்றிரவு எனக்குப் பசிக்கவில்லை. ஆனால் கோபமும் வரவில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி என் மூக்கின் முனையில்தான் இருந்தது.

திருச்சிப் பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போய்ச் சேர்ந்தேன். ஈரச் சாக்கில் ரோஜா குவிந்து கிடந்தது. குனிந்தேன்.

"யோவ் ஐயரே! மூக்கை எடு!" என்றாள் பூக்காரம்மா. "மோந்த பூவ எந்தச் சாமிக்குப் போடுவாங்க? எவ தலையில வைப்பா?"

"நானே வாங்கிக்கறேம்மா."

"வாங்கிட்டு உன் வீட்டுல போயி மோந்துக்க. இங்க மோந்தா மத்ததையும் எவனும் தொடமாட்டான்."

வாங்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் ஒதுங்கினேன். பூவை மூக்கிடம் கொண்டுபோனேன். மூச்சு நின்றது. மறுபடி முயன்றேன். மறுபடி நின்றது. போகிற வருகிறவர்கள், ரோஜாப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சிவந்து நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டுக் காதல் தோல்வி என்று பேசிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒருவழியாக மூச்சு உள்ளே போனபோது வந்தது சாக்கு வாசனை. முந்தின நாளே பறித்த பூ அது.

"செடி வேணும்" என்றாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மணப்பாறைக்குப் போனாள். சாயங்கால பஸ்ஸில் மடியில் ஒரு ரோஜாத் தொட்டியும் காலடியில் ஒரு டின் முறுக்குமாக வந்து இறங்கினாள். பன்னீர் ரோஜா. இரண்டு மொட்டு விட்டிருந்தது. வழி நெடுக அந்த மொட்டுக்களைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்தாளாம். பக்கத்தில் இருந்தவள் கைக்குழந்தை என்று நினைத்து வயசு கேட்டாளாம்.

தொட்டியை மொட்டைமாடியில் வைத்தோம். அப்பா தினமும் மாடிக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் சாயங்காலம், "நல்ல மொட்டு. நாளைக்கு அவிழ்ந்துடும். விடியக்காலம்பற பறிச்சுண்டு வந்துடு, பெருமாளுக்கு ஆகும்" என்றார்.

அவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

என் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள். "இல்லை மாமா. இந்தச் செடி எங்கப்பா ஆத்துலேர்ந்து என் தலைக்குன்னு சொல்லிக் கொண்டுவந்தது. இது உங்க பிள்ளை மோந்து பார்க்கறதுக்கு. பாவம்னா அது எனக்கு வரட்டும்."

அப்பா அவளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றில் நான்தான் மோசமாக இருந்திருக்க வேண்டும்.

"அப்படின்னா நாளைக்குக் காலம்பற நான் மாடிக்கு வரலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பூ அவிழ்ந்திருந்தது. குனிந்தேன். எதிர்பார்த்தபடியே மூச்சு நின்றது.

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ" என்றாள்.

"என்னது?"

"பேசிண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. சொல்லுங்கோ. நிறுத்தப்படாது."

ஓர் பதினாறு பதினாறு என்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்திலேயே என்னைக் கவிழ்த்த வாய்ப்பாடு. நாலில் தடுமாறினேன், ஆறில் வியர்த்தேன், ஏழில் விடை தெரியாமல் "ஆ..." என்று வாயைப் பிளந்து காற்றை இழுத்தேன். அந்தக் கணத்தில் கிளையை வளைத்து என் மூக்கில் வைத்தாள்.

முதலில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இதுவா? இனிப்பே இல்லையே! ஈர மண்பானையில் முகம் வைத்த மாதிரி ஒரு குளிர்ச்சி. அப்போதுதான் கிள்ளிய இலையின் பச்சை. எங்கேயோ ஒரு மூலையில் எலுமிச்சைத் தோலைக் கீறினாற்போல ஒரு சுருக். இவ்வளவுக்கும் அடியில், கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, கொஞ்சூண்டு இனிப்பு. கனமே இல்லை. இதைப் போட்டுக்கொண்டு வெயிலில் எவ்வளவு தூரமும் நடக்கலாம்.

"நூத்திப் பன்னண்டு" என்றாள் அவள்.

வெயில் ஏறியதும் மறுபடி முகர்ந்தேன். இலைப்பச்சை போய்விட்டிருந்தது. உச்சிவேளையில் அது எனக்குப் பழக்கமான மாலை வாசனையை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது விடியற்காலை ரோஜா. அதை மத்தியானம்வரை பிடித்து நிறுத்த வேண்டும்.

கடைக்கு ஓடினேன். துளசியைத் தள்ளினேன், கற்பூரத்தைத் தள்ளினேன், சந்தனத்தையும் கிட்டத்தட்ட முழுக்கத் தள்ளினேன். "அப்புறம் மிச்சம் என்ன தம்பி இருக்கு?" என்று பாய் கவலைப்பட்டார். நீலகிரியிலிருந்து வருகிற ஜெரேனியம் இலைத் தைலம் பச்சையைக் கொடுத்தது. எலுமிச்சைப்புல் தைலத்தில் குச்சியை நனைத்து அந்தக் குச்சியைக் காட்டினால் போதும், சுருக்கென்று வந்தது. ஆனால் நிற்கவில்லை. கைக்குட்டையில் விட்டால் எங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஆவியாகிவிடும். சந்தனம்தான் பிடித்துவைக்கிற கை, அதை வெட்டியாயிற்று.

தினமும் ஒரு கலவை. தினமும் என் மனைவியின் கைக்குட்டையில் இரண்டு சொட்டு. சாயங்காலம் வந்து மார்க் போடுவாள். ஒருநாள் கலவை வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. இன்னொரு நாள் குளிக்கிற சோப்பு. மூன்றாவது ஒன்று வகுப்பறை எறும்பையெல்லாம் கூட்டிவிட்டது. "இன்னிக்கு முப்பத்தி நாலு" என்பாள். "பாஸ் மார்க் எவ்வளவு?" என்பேன். "உங்க காலேஜ்ல போட்ட மாதிரி இல்லை இங்க" என்பாள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா நாக்பூருக்கு எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருந்தார். சித்திரை மாசத்தில், ஸ்ரீரங்கத்தில், கம்பளிச் சட்டை! அது கொடியில் தொங்கிக்கொண்டு தினமும் என்னைப் பார்க்கும். நானும் அதைப் பார்ப்பேன். உன்னைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

கடைசியில் கைகொடுத்தது வெட்டிவேர். சந்தனம் பிடித்தால் கழுத்தைப் பிடித்த மாதிரி. வெட்டிவேரோ விரலை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும், அதுவும் குளிர்ச்சிதானே. அதில் மிகக் கொஞ்சம், இருப்பதே தெரியாத அளவு.

அன்றைக்கு ஊரே கொதித்தது. என் மனைவி சாயங்காலம் வந்தாள். புடவை கசங்கி, முகம் கறுத்து, நெற்றியில் பொட்டு கரைந்திருந்தது. கைக்குட்டையை நீட்டினாள். மெலிசாக, தூரத்தில், மாடிச் செடி. நான் மார்க்குக்குக் காத்திருந்தேன். அவள் மார்க் சொல்லவில்லை.

"ஸ்டாஃப் ரூம்ல அஞ்சாறு பேர் சீசா எங்க கிடைக்கும்னு கேட்டா" என்றாள். "தீர்த்தம் யாரும் கேக்கலை."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாய் தோளில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு உச்சி வெயிலில் தொழுகைக்குப் போனார். திரும்பி வரும்போது கூட நாலு பேர் வந்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்றார். நன்னாரிச் சீசாக்களை ஒரு ஓரமாகத் தள்ளினார். "உங்களுக்கு இனிமே லீவு இல்ல ஐயங்காரே. உங்க அப்பாருகிட்ட யாரு சொல்றது?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கூடத்தில் மாலை கட்டி முடித்து, மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய் சொல்லிட்டார்னா ஆயிடுத்தா? இன்னிக்கு வச்சுப்பார், அடுத்த வருஷம் ஆத்துக்கு அனுப்புவார். போன தடவை பண்ணினயே, அது திவ்யமா இருந்தது. அதையே விக்கலை. இது என்ன பிரமாதம்? கொண்டா, பார்ப்போம்."

பஞ்சைத் தொட்டு நீட்டினேன். போன தடவை இதே மனிதர் கண்ணை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பஞ்சு அவர் முகத்தருகே போனதும் அப்பாவின் தலை வெடுக்கென்று பின்னால் போனது. இடது கை துண்டை இழுத்து மூக்கை மூடியது. மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். வலது கை தானாக என் காதை நோக்கிப் பாதி தூரம் வந்து, அந்தரத்தில் நின்றது.

சமையலறை வாசலில் என் மனைவி களுக்கென்று சிரித்தாள்.

தான் என்ன செய்தோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மெதுவாகக் கையை இறக்கினார். துண்டை மட்டும் எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"இன்னும் சாத்தலையேடா இதை."

"இல்லைப்பா."

"அசடு. முதல் சீசாவைக் கோயில்ல குடுத்துட்டு வா. அப்புறம்தான் நான் மோப்பேன்." பிறகு கொடியைக் காட்டினார். "அந்தக் கம்பளியை உன் சித்தப்பாவுக்கே அனுப்பிச்சுடு. அவனுக்குத்தான் அங்க குளிரும்."

அந்த ரோஜா கோடைதோறும் ஓடியது. கடையில் சீசாவைத் திறந்து காட்டுவது என் வேலை. இது நிஜ ரோஜா ஆயிற்றே, திறந்தவுடன் இன்றைக்கும் என் மூச்சு நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் நான் ஏதோ மந்திரம் முணுமுணுப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பதினாறாம் வாய்ப்பாடு. இன்னும் எனக்கு ஏழில்தான் தட்டும்.